சனிக்கிழமை மழை

பொனரேரி அக்காவின் மேசைக்கு மேலே, சுவரில் ஒரே ஒரு படம் ஒட்டியிருந்தது. ஏழு புள்ளிகள், அவற்றை இணைக்கும் ஒரு கோடு. ஞாயிறு முதல் வியாழன் வரை கோடு சாதுவாகப் போகும். வெள்ளியன்று திடுமென எழும். சனியன்று கிணற்றில் விழுந்ததுபோல விழும். கீசி மலைநாட்டில் முப்பத்தொரு வருடங்களாகப் பெய்த மழை, கிழமைவாரியாக. அந்தக் கோட்டுக்காகத்தான் அவள் நைரோபியில் ஏழு வருடம் முனைவர் பட்டத்துக்குப் படித்தாள்.

வளிமண்டல அறிவியல் துறையில் எனக்குத் தரவு உள்ளிடும் வேலை. பதினோரு மழை நிலையங்களின் பழைய பேரேடுகளை, பூச்சி அரித்த ஓரங்களோடு, கணினியில் ஏற்றியவன் நான்தான். ஒரு லட்சத்து இருபத்துநாலாயிரம் எண்கள். அக்காவும் நானும் ஒரே ஊர்ப்பக்கம். இருவர் வீட்டிலும், எங்கள் கிறிஸ்தவ சபையின் வழக்கப்படி, சனிக்கிழமைதான் ஓய்வுநாள். வெள்ளி அந்தியில் அடுப்பை அணைத்தால் சனி அந்திவரை யாரும் ஒரு வேலையும் தொடமாட்டார்கள். நைரோபிக்கு வந்த பிறகும் எங்களுக்கு அது மாறவில்லை.

அக்காவின் கண்டுபிடிப்பு எளிமையானது. எங்கள் மலைகளில் தேயிலை ஆலைகள் விறகில் ஓடுகின்றன. வாரம் முழுதும் புகை சேர்கிறது. அது ஒரு அளவைத் தாண்டும்போது, வெள்ளிக்கிழமை பிற்பகலில், மேகம் கனத்துக் கொட்டுகிறது. சனிக்கிழமை ஆலைகள் ஓய்கின்றன, காற்று தெளிகிறது, மழை குறைகிறது. பதினோரு நிலையங்களில் ஆறு இதை உரக்கச் சொல்லின. மீதி ஐந்தில் கோடு படுத்தே கிடந்தது. அவை காற்று வரும் பக்கம் இருப்பதால் புகை எட்டுவதில்லை என்று ஐந்தாம் அத்தியாயத்தில் முப்பது பக்கம் எழுதியிருந்தாள். தேர்வாளர்கள் மூவரும் ஆய்வேட்டை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். ஒரு ஆய்விதழும் கட்டுரையை வெளியிட ஒப்புக்கொண்டிருந்தது. வாய்மொழித் தேர்வுக்கு இரண்டு வாரம் இருந்தது.

"தம்பி, முதல் ஸ்லைடுல நியாகோங்கோ மழைமானியோட போட்டோ போடணும்டா. நம்மகிட்ட இருக்கறதுலயே சுத்தமான ரெக்கார்டு அதுதான். ஒரு நாள்கூட விடுபட்டதில்ல" என்றாள். "வெள்ளிக்கிழமை போவோம். ஞாயித்துக்கிழமை காலைல வெளிச்சத்துல எடுத்துக்கலாம்."

நியாகோங்கோ பள்ளிக்கூடத்து மழைமானியைப் பார்த்துக்கொள்பவர் கெருபோ அம்மா. பள்ளி அலுவலகத்தில் எழுத்தர். வீடும் பள்ளி வளாகத்திலேயே. மடாட்டு என்கிற வாடகை வேனில் ஒன்பது பேர் இடத்தில் பதினாறு பேராக நசுங்கி நாங்கள் போய் இறங்கியபோது நல்ல மழை. வெள்ளிக்கிழமை, மணி மூன்றரை. அக்கா நனைந்துகொண்டே சிரித்தாள்.

"பாத்தியா? வெள்ளிக்கிழமை. என் கோடு தப்பாது."

கெருபோ அம்மா கதவைத் திறந்ததும் எங்கள் செருப்பைத்தான் முதலில் பார்த்தார்.

"சேத்தையெல்லாம் வெளிய விட்டுட்டு வாங்க. பொழுது சாயறதுக்குள்ள சமைச்சு முடிக்கணும். படிச்சவங்கன்னா பீன்ஸ் உரிக்கத் தெரியாதுன்னு இல்லையே?"

உரித்தோம்.

மறுநாள் காலை சபையில் பாஸ்டர் ஒபாரே அக்காவை எழுந்து நிற்கச் சொன்னார். அக்காவின் ஆராய்ச்சி அவருக்கு எப்படியோ எட்டியிருந்தது.

"நம்ம ஊர்ப் பொண்ணு நைரோபில இருக்கறதுலயே பெரிய படிப்பு படிக்குது. என்ன கண்டுபிடிச்சிருக்கு தெரியுமா? மழைகூட ஓய்வுநாளைக் கைக்கொள்ளுது! வெள்ளிக்கிழமையே வேலைய முடிச்சுட்டு சனிக்கிழமை சும்மா இருக்கு!"

சபை முழுக்க ஆமென் எழுந்தது. எனக்குப் பின்வரிசையில் நியான்சேரா என்ற அம்மாள் பக்கத்து ஆளிடம், எல்லோருக்கும் கேட்கும்படி, "அப்போ போன வாரம் என் புதுத் தொப்பிய நனைச்சது யாரு, கத்தோலிக்க மழையா?" என்றார். அந்த வரிசையே குலுங்கியது.

வெளியே வந்ததும் அக்கா அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, நனைஞ்ச நாளைத்தான் மனசு வச்சுக்கும். காய்ஞ்ச நாளை யாரு எண்ணுறா? நான் முப்பத்தொரு வருஷத்த எண்ணியிருக்கேன்."

"எண்ணுனது நீ, கண்ணு. நனைஞ்சது நானு."

அக்காவும் சிரித்துவிட்டாள். பிற்பகல் மூன்று மணிக்கு வானம் இருண்டு, கெருபோ அம்மா வீட்டுத் தகரக்கூரையில் மழை இறங்கியது. பேசினால் கேட்காத மழை. முந்தின நாள் சமைத்த பீன்ஸைச் சோற்றில் பிசைந்துகொண்டே அக்கா என் காதருகே குனிந்தாள். "ஒண்ணு ரெண்டு சனிக்கிழமை பெய்யத்தான் செய்யும். சராசரி வேற." நானும் தலையாட்டினேன். சின்ன வயதில் சபையிலிருந்து வீட்டுக்கு ஓடி வந்த எத்தனையோ சனிக்கிழமைகளில் என் வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்திருக்கிறது. அதைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. என் ஞாபகம், அவ்வளவுதானே.

ஆறே முக்காலுக்கு மேற்கு மலை சூரியனை விழுங்கியது. ஓய்வுநாளை முடித்துவைக்கும் பாட்டைப் பாடினோம். ஜெபம் முடிந்து ஆமென் சொன்ன வாயோடு கெருபோ அம்மா எழுந்தார். தலைத்துணியை அவிழ்த்து ஆணியில் மாட்டினார். அலமாரியிலிருந்து கண்ணாடி அளவுக்குடுவையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

"எங்கம்மா கிளம்பிட்டீங்க?" என்றாள் அக்கா.

"தண்ணி அளக்க. பொழுது சாஞ்சிருச்சுல்ல."

"இப்பவா? நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்குத்தானே?"

"நாளைக்குள்ளது நாளைக்கு. இது இன்னைக்குள்ளது."

அக்கா எழுந்துவிட்டாள். "இன்னைக்குள்ளத இன்னைக்குக் காலைல எடுக்கலையா?"

கெருபோ அம்மா வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். எங்கள் சபையில் விலக்கான பன்றிக்கறியைச் சாப்பிட்டாயா என்று யாரோ கேட்டதுபோல இருந்தது அவர் முகம்.

"ஓய்வுநாள் காலைலயா? உங்கம்மா உன்ன அப்படியா வளத்தாங்க?"

நாங்கள் பின்னாலேயே போனோம். பள்ளி மைதானத்து ஓரத்தில் கம்பிவேலிக்குள் இடுப்பளவு செம்பு உருளை. அம்மா மேல்புனலைக் கழற்றி உள்ளிருந்த குப்பியை எடுத்தார். நான் செல்பேசி வெளிச்சத்தைப் பிடித்தேன். குடுவையில் பத்து மில்லிமீட்டர்தான் கொள்ளும். ஊற்றினார், படித்தார், கொட்டினார். மறுபடி ஊற்றினார். நான்கு முறை.

"முப்பத்தெட்டுப் புள்ளி நாலு" என்றார். பேரேட்டில் சனிக்கிழமைக்கான கட்டத்தில், 'காலை 9 மணி' என்று அச்சடித்த தலைப்புக்குக் கீழே, அழகான கையெழுத்தில் எழுதினார்.

"அம்மா, நேத்து நாங்க வந்தப்ப பேஞ்ச மழையும் இதுல இருக்கா?" அக்காவின் குரல் மிக மெதுவாக வந்தது.

"பின்ன? எங்க போகும்? புனலு போட்டு மூடித்தானே இருக்கு."

"இன்னைக்கு மூணு மணிக்குப் பேஞ்சதும்?"

"அதுவும்தான். ஒரு சொட்டு வீணாப் போகல."

"எத்தன வருஷமா இப்படி எடுக்கறீங்க?"

"தொண்ணூறுல இருந்து. என்னைக்குப் பொறுப்பெடுத்தேனோ அன்னைலருந்து."

காலை ஒன்பது மணிக்கு அளக்கும் நீர் முந்தின நாளின் மழை. அதுதான் எங்கள் துறையின் முதல் பாடம். சனிக்கிழமைக் கட்டத்தில் இருப்பதை வெள்ளிக்கிழமை மழை என்று எடுத்துக்கொள்வோம். எங்கள் மலையில் மழை பெய்வதோ பிற்பகலில். சனிக்கிழமை அந்தியில் அளந்தால் வெள்ளிப் பிற்பகலும் சனிப் பிற்பகலும் சேர்ந்து வெள்ளியின் கணக்கில் விழும். ஞாயிறு காலையில் குப்பியில் மிஞ்சுவது ராத்திரித் தூறல் மட்டும்தான். அது சனியின் கணக்கு.

வெள்ளி எழும். சனி விழும்.

அக்கா ஈரப்புல்லில் உட்கார்ந்தாள். சபைக்குப் போட்ட வெள்ளை உடுப்போடு. நின்றுகொண்டிருந்தவள் அப்படியே மடிந்தாள் என்றுதான் சொல்லவேண்டும்.

"ஏய் பொண்ணே! சேறு! சேறு!" என்று பதறினார் கெருபோ அம்மா. அக்கா அசையவில்லை. அம்மா என்னைப் பார்த்தார். "என்ன ஆச்சு இவளுக்கு? நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டேனா?"

நான் செல்பேசி வெளிச்சத்தைப் பேரேட்டிலிருந்து அக்காவின் பக்கம் திருப்பினேன்.

"இல்லம்மா" என்றாள் அக்கா, தரையைப் பார்த்தபடி. "நீங்க அளந்ததெல்லாம் சரி. நான்தான் ஒரு தடவகூட கேக்கல."

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போட்டோ எடுக்கவில்லை. கோடு உரக்கப் பேசிய மற்ற ஐந்து நிலையங்களுக்கும் அக்கா வாசற்படியில் உட்கார்ந்து போன் செய்தாள். ஒரே கேள்வி. சனிக்கிழமை எப்போது அளப்பீர்கள்? நான்கு பேர் தயங்காமல் பதில் சொன்னார்கள். பொழுது சாய்ந்த பிறகு. ஐந்தாமவர் சிரித்தார். "இதென்னங்க கேள்வி? நீங்க நம்ம ஆளு இல்லையா?"

அந்தக் கேள்விக்குப் பிறகு அவள் போனை அணைத்து மடியில் வைத்தாள். கோடு படுத்துக்கிடந்த மற்ற ஐந்து நிலையங்கள் எவை என்று நான் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். மூன்று கத்தோலிக்க மிஷன். இரண்டு தேயிலைத் தோட்ட அலுவலகம். அங்கே யாருக்கும் சனி ஓய்வுநாள் இல்லை. காற்று வரும் பக்கமும் இல்லை, போகும் பக்கமும் இல்லை.

மாலையில் நைரோபி திரும்பி நேராகத் துறைக்குப் போனோம். அக்கா மேசையின் கடைசி இழுப்பறையிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்தாள். முதல் வருடத்தில் பயிற்சிக்காக விடுதித் தோட்டத்தில் ஒரு மழைமானி வைத்து, மூன்று மாதம் அவளே அளந்த நோட்டு. பக்கங்களைப் புரட்டியவள் ஒரு இடத்தில் விரலை வைத்தாள். பிறகு இன்னொரு இடத்தில். பிறகு நோட்டை என் பக்கம் தள்ளினாள்.

திங்கள், 9.00. செவ்வாய், 9.00. புதன், 9.05. வியாழன், 9.00. வெள்ளி, 9.00. சனி, மாலை 6.50.

பன்னிரண்டு சனிக்கிழமைகள். பன்னிரண்டும் மாலை. அவளுடைய கையெழுத்து.

"நானே எழுதியிருக்கேன்டா" என்றாள். "மணியோட எழுதியிருக்கேன்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாத ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. நான் குடிநீர்ப் பாட்டிலை நகர்த்தி வைத்தேன். ஆறு நிலையங்களில் வெள்ளியையும் சனியையும் ஒன்றாகக் கூட்டி, இரண்டாகப் பங்கிட்டு, கணக்கை மறுபடி ஓட்டினோம். ஏழு புள்ளிகளும் ஒரே மட்டத்தில் வந்து நின்றன. ஆஸ்பத்திரியில் உயிர் அடங்கியபின் பார்ப்போமே, அந்தக் கோடு.

திங்கள் காலை பேராசிரியர் கிலோன்சோவின் அறை. அக்காவின் வழிகாட்டி அவர். கம்பா இனத்தவர், ஞாயிறு சபைக்காரர். அக்கா சொல்லி முடிக்கும்வரை தேநீரைத் தொடவில்லை.

"இது வேற யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார். கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"கெருபோ அம்மாவுக்குத் தெரியும் சார்" என்றாள் அக்கா. "முப்பது வருஷமாத் தெரியும். ஆறு ஸ்டேஷன் ஆளுங்களுக்கும் தெரியும். அந்த ஊர்ல கோழிக்குஞ்சுக்கும் தெரியும். நமக்குத்தான் தெரியாது."

"பொனரேரி, யோசிச்சுப் பேசு. எக்ஸாமினர்ங்க மூணு பேரும் ஓகே சொல்லியாச்சு. அடுத்த செவ்வாய் வைவா. உன் ரெஜிஸ்ட்ரேஷன் டிசம்பரோட காலாவதி. இப்போ நிறுத்தினா போர்டு இன்னொரு தடவை நீட்டிக் குடுக்கும்னு என்னால சொல்ல முடியாது. ஏழு வருஷமும் போகும். டிகிரிய வாங்கிக்கோ. அப்புறமா ஒரு திருத்தக் கட்டுரை எழுது. ஊர் உலகத்துல நடக்காததா?"

பேராசிரியர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். பிறகு, ஏதோ உள்ளே தட்டியதுபோல, மெதுவாக முன்னால் வந்தார்.

"நியாகோங்கோன்னு சொன்னே இல்ல?"

"ஆமா சார்."

"தம்பி, தொண்ணூத்தேழு நவம்பர் பதினாலு. என்ன கிழமைன்னு பாரு."

எனக்கு அந்தத் தேதி தெரியும். துறையில் எல்லோருக்கும் தெரியும். நியாகோங்கோவில் ஒரே நாளில் 171 மில்லிமீட்டர். பேராசிரியருக்குப் பேர் வாங்கித் தந்த கட்டுரை அதன்மேல்தான் நின்றது. அந்தப் பக்கத்துப் பாலங்களுக்கும் மதகுகளுக்கும் அந்த எண்ணை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். செல்பேசியில் நாட்காட்டியைப் பின்னோக்கித் தள்ளினேன்.

"வெள்ளி சார்."

அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. கை மட்டும் தேநீர்க் கோப்பையை எடுத்து, வாய்வரை கொண்டுபோகாமல், அதே இடத்தில் வைத்தது.

"ரெண்டு நாள் மழை" என்றார். எங்களிடம் சொல்லவில்லை. "அது ரெண்டு நாள் மழை."

பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அக்கா பக்கம் நகர்த்தினார். "எழுது. தேர்வை ஒத்திவைக்கக் கேட்டு எழுது. காரணத்த முழுசா எழுது. கீழ நானும் கையெழுத்துப் போடறேன்."

அக்கா எழுதினாள். ஆய்விதழுக்கும் அன்றே கடிதம் போயிற்று. அந்த வாரம் முழுதும் துறையின் தாழ்வாரத்தில் யாராவது அவளைப் பார்த்து, "ஐயோ, நெஜமாவா?" என்றார்கள். அவள் ஒவ்வொருவரிடமும் "நெஜந்தான்" என்றாள். அறைக்கு வந்து கதவைச் சாத்தியபின், யாரோ கன்னத்தில் அறைந்துவிட்டுப் போனதுபோல உட்கார்ந்திருப்பாள். பாஸ்டர் ஒபாரே போன் செய்து, "அடுத்த தடவை கண்டுபிடிச்சா முதல்ல எங்கிட்டச் சொல்லாத, மகளே" என்று சொன்னதற்கு மட்டும் ஒருமுறை சிரித்தாள்.

போர்டு நான்கு மாதம் கொடுத்தது. அதற்குமேல் ஒரு நாளும் கிடையாது, திருத்தம் ஏதும் வந்தால் அதற்குத் தனியாக மூன்று மாதம் என்று எழுதியிருந்தார்கள். ஆய்வேட்டில் முன்னுரையும் பேரேடுகளின் வரலாறும் மட்டும் மிஞ்சின. மற்றதை அவள் புதிதாக எழுதினாள். மார்ச்சில் வாய்மொழித் தேர்வு. நான் கடைசி வரிசையில் இருந்தேன்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர், கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கேட்டார். "அப்போ கடைசியில நீங்க எதையுமே கண்டுபிடிக்கல. அப்படித்தானே?"

"ஆமா சார். இருக்குன்னு ஏழு வருஷமா நான் நிரூபிச்ச ஒண்ணு இல்லைன்னு கண்டுபிடிச்சேன். ஏன் இருந்த மாதிரி தெரிஞ்சதுன்னும் கண்டுபிடிச்சேன்."

"உங்க ஊர்ப் பழக்கம் உங்களுக்கே எப்படித் தெரியாமப் போச்சு?"

"தெரியாமப் போகல சார். நானும் அதையேதான் செஞ்சேன். அதனாலதான் கண்ணுல படல."

எங்களை வெளியே அனுப்பிவிட்டு ஐம்பது நிமிடம் பேசினார்கள். அக்கா தாழ்வாரத்தில் சுவரோடு சாய்ந்து நின்றாள். உள்ளே கூப்பிட்டுச் சொன்னார்கள். தேர்ச்சி. ஆனால் ஒரு திருத்தம். அது முடிந்தால்தான் பட்டம். ஆறு நிலையங்களைக் கேட்டது போதாது. நாட்டில் தன்னார்வலர்கள் அளக்கும் நிலையங்கள் இருநூற்றுப் பன்னிரண்டு. எல்லோரையும் கேட்டு, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, யார் அளக்கிறார்கள் என்று ஒரு பின்னிணைப்பு சேர்க்கவேண்டும்.

ஆகவே இப்போது எங்கள் வேலை போன் பேசுவது. அக்கா கேட்கிறாள், நான் எழுதுகிறேன். சந்தை நாளில் மச்சான் அளப்பதாக ஒருவர் சொன்னார். குடுவை உடைந்து ஆறு வருடமாகத் தேநீர்க் கோப்பையில் அளப்பதாகவும், கோப்பை ஒரே கோப்பைதான் என்றும் இன்னொருவர் உறுதியளித்தார். ஒவ்வொரு பதிலையும் அக்கா ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்ப்பாள், பிறகு அடுத்த எண்ணை அழுத்துவாள். அவளுக்கு அது பழகிவிட்டது என்று நினைத்திருந்தேன்.

நேற்று நூற்று நாற்பத்துமூன்றாவது நிலையம். மேற்கே ஏதோ ஒரு சுகாதார நிலையத்துக் காவலாளி. ஒலிபெருக்கியில் போட்டிருந்தோம்.

"மழைமானி எந்தப் பக்கம் வச்சிருக்கீங்க அண்ணா? மரம் கிரம் பக்கத்துல இருக்கா?"

"எந்த மழைமானிம்மா? அது திருட்டுப் போயி மூணு வருஷம் ஆச்சு. செம்பாச்சே."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் கணினியைத் திருப்பிக் காட்டினேன். போன மாதத் தாள் வந்திருந்தது. முப்பது நாளும் நிரம்பியிருந்தது. தசமப் புள்ளியோடு.

"அண்ணா… போன மாசம் அனுப்பியிருக்கீங்களே. பதினெட்டாம் தேதி இருபத்திரண்டுப் புள்ளி ஆறுன்னு."

"ஆமா, அன்னைக்கு நல்ல மழை."

"எப்படி அளந்தீங்க?"

"வாசல்ல நின்னு பாத்தேன்" என்றார் அவர். அக்கறையான குரல். "இருபத்தியாறு வருஷம் பாத்த கண்ணும்மா. நீங்க கவலப்படாதீங்க."

அக்கா நெற்றியை மேசைமேல் வைத்துக்கொண்டாள். போன் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் நான் பேனாவைப் பிடித்தபடி இருந்தேன்.